ஆறாவது அடி

கேமராவுக்கு அடுக்களை தெரியாது. ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருக்கிறது. அங்கே காலை மடக்கிக்கொண்டு, செலினுக்குத் தடுப்பூசி போட்ட ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டின் பின்பக்கத் தாள்களில் இதை எழுதுகிறேன். ராத்திரி மணி எட்டே முக்கால். இங்கிருந்து பார்த்தால் ஹாலில் பாயில் தூங்குகிற செலினின் இரண்டு பாதம் மட்டும் தெரிகிறது. முழுப் பிள்ளையும் கேமராவுக்கு, பாதம் மட்டும் பெற்றவளுக்கு. எனக்கு அவள் முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் நான் கேமராவுக்கு முழுசாகத் தெரிய வேண்டும். ஐந்து மாதமாக இந்த வீட்டில் இதுதான் சட்டம், நான் போட்ட சட்டம் இல்லை. கேமரா, ரோமால்ட் அத்தான் போன லீவுக்கு ஷார்ஜாவிலிருந்து வந்தபோது வாங்கி மாட்டியது. என் புருஷன்தான், குறை சொல்லக் கூடாது, பிள்ளையைப் பார்க்க முடியவில்லையே என்ற ஏக்கத்தில் மாட்டினார். எங்கே மாட்டலாம் என்று அரை நாள் யோசித்து, இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தார். ஆண்டவருக்குக் கீழே சிவப்பு பல்பு, கேமராவுக்கு நீலப் பொட்டு. அவர் அங்கிருந்து ஃபோனில் விரலை நகர்த்தினால் இது இங்கே கழுத்தைத் திருப்பும். ர்ர் என்று ஒரு சத்தம் வரும். நைட்டியை இறக்கிப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ர்ர். தலை சீவும்போது ர்ர். சில நேரம் அதற்குள்ளிருந்து அவர் குரலும் வரும், "ஜெசி, பாப்பா ஏன் அழுறா?" என்று, ஏதோ நான்தான் கிள்ளி அழ வைத்த மாதிரி. முதல் தடவை அந்தக் குரல் வந்தபோது கையிலிருந்த சங்கைக் கீழே போட்டேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கே சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும்.

பாதம் அசைந்தது. இல்லை, ஃபேன் காற்றில் துணிதான். நாளைக்கு, சனிக்கிழமை, ஃப்ளாவியா மதினி வருகிறார். அத்தானின் அக்கா, நாகர்கோவிலில் ஹெட்மிஸ்ட்ரஸ், காலை பஸ்ஸில் ஏறினால் பதினோரு மணிக்கெல்லாம் தூத்துக்குடியில் இறங்கிவிடுவார். செலினைக் கூட்டிக்கொண்டு போவதற்கு. கூட்டிக்கொண்டு போக என்று சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் நான் சண்டை போட்டிருப்பேன். "ரெண்டு மாசம் எங்கிட்ட இருக்கட்டும்ளா. நீ நல்லாத் தூங்கி ரெஸ்ட் எடு. உன் உடம்புக்காகத்தான் சொல்லுதேன்" என்றார். உடம்புக்காம். மார்பு இப்போதே கட்டிக்கொண்டு வலிக்கிறது, ஒன்பது மணிப் பாலுக்கு, கடிகாரம் பார்க்காமலே அதற்கு மணி தெரியும். இரண்டு மாதம் இந்தப் பாலை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, அதையும் மதினியே சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் காரணம் பன்னிரண்டு நொடி. கல்யாண வீடியோ மூன்று மணி நேரம் ஓடுகிறது, அதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. இந்தப் பன்னிரண்டு நொடியை எங்கள் குடும்ப குரூப்பில் பதினேழு பேர் பார்த்திருக்கிறார்கள். நானும் பார்த்தேன், ஒரு தடவை இல்லை, நாற்பது தடவை. ஒரு பொம்பளை, முடி அவிழ்ந்து கிடக்கிறது, பிள்ளையைக் கவிழ்த்து முன்கையில் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி முதுகில் அடிக்கிறாள். ஒன்று. இரண்டு. மூன்று. அதோடு முடிந்துவிடும். சத்தம் கிடையாது. முதல் தடவை பார்த்தபோது சத்தியமாக எனக்கு வந்த எண்ணம், யார் இந்தப் பிசாசு, யார் வீட்டுப் பிள்ளையை இப்படி அடிக்கிறாள் என்பதுதான். பிறகுதான் அந்த நைட்டியைப் பார்த்தேன். ஊதாப் பூப் போட்டது. என்னுடையது.

நடந்தது இதுதான், யாராவது கேட்டால் சொல்லலாம் என்று நான்கு நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருக்கிறேன், ஒருவரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹாலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். மதினி வீட்டுப் புளிதான், கொட்டையோடு நான்கு கிலோ கொடுத்துவிட்டிருந்தார், கடைப் புளி வாங்காதே என்று. செலின் பாயில் இருந்தாள். பாயில்தான் இருந்தாள். நான் ஒரு நார் விரலில் குத்தியதைப் பிடுங்கக் குனிந்த நேரத்தில் தவழ்ந்து வந்துவிட்டாள். நிமிர்ந்தால் வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. அந்த வாயை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். பிள்ளை அழுதால் பயமில்லை. வாயைத் திறந்தும் அழாமல் இருப்பதுதான் பயம், உதடு நீலம் பாய்ந்து அவரைப்பூ நிறத்துக்குப் போகிறது. தடுப்பூசி போடுகிற நர்ஸ் ஒருநாள் சும்மா சொல்லிக் கொடுத்தது, எதுவும் சிக்கினா கவுத்துப் போட்டு முதுகுல அஞ்சு அடி, நல்லாவே அடி, பாவம் பாக்காத. அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாவதில் கொட்டை விழுந்தது. எச்சில் பளபளப்போடு, பால் நூல் ஒன்று ஒட்டியபடி சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. இதில் மூன்று அடியைத் தவிர எதையும் கேமரா ஃபோனுக்கு அனுப்பவில்லை. எதை அனுப்புவது, எதை விடுவது என்பது அதன் இஷ்டம். அசைவு தெரிந்தால் பன்னிரண்டு நொடி வெட்டி அனுப்பும், பிறகு ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளும். என் வாழ்க்கையிலிருந்து அது வெட்டியெடுத்த துண்டு, கொட்டை போனதற்குப் பிறகு, கொட்டை வந்ததற்கு முன்னால். அத்தானுக்கு டியூட்டி நேரத்தில் பார்க்க முடியாதென்று மதினி ஃபோனிலும் அதைப் போட்டுக் கொடுத்திருந்தார். மதினி வியாழக்கிழமைதான் பழையதெல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாரா? குரூப்பில் போட்டார். கீழே ஒரே ஒரு வரி, "இதைப் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை." சித்தப்பா ஒருத்தர் கைகூப்பும் படம் போட்டார். யாரோ ஒரு அண்ணி, நான் அவரை மூன்று தடவைக்கு மேல் பார்த்ததுகூட இல்லை, பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, நல்ல டாக்டர் இருக்கிறார் என்று நம்பரும் போட்டார். என்னையும் வைத்துக்கொண்டே. அந்தக் குரூப்பில் நானும் இருக்கிறேன் என்பதே யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் உடனே அதே குரூப்பில் எழுதினேன், தொண்டையில் புளியங்கொட்டை சிக்கியது, ஐந்து அடியில் வெளியே வந்தது என்று. மதினி ஃபோன் போட்டார். "செவ்வாக்கெழம சிக்குன கொட்டை வியாழக்கெழம சாயந்தரம் வீடியோ வந்த பொறவுதான் வெளிய வருதோ? ரெண்டு நாளுல முளைச்சிட்டா?" என்றார். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லும் பிள்ளைகளிடம் பேசிப் பழகிய குரல். ஏன் அன்றைக்கே யாரிடமும் சொல்லவில்லை? வெட்கம். பிள்ளை தவழுகிற வீட்டில் கொட்டையைத் தரையில் பரப்பியவள் என்று சொல்வார்களே என்ற வெட்கம். அந்தக் கொட்டையை நானேதான் ஜன்னல் வழியாக சாக்கடைக்குள் எறிந்தேன், கண்ணில் படக் கூடாதென்று. இப்போது அது இருந்தால்! ஒரு கொட்டை இல்லாமல் நான் பிள்ளையை அடிக்கிறவள், ஒரு கொட்டை இருந்தால் பிள்ளையைக் காப்பாற்றியவள். சரி, அது நான் செய்த முட்டாள்தனம். ஆனால் அத்தான்? மூன்று வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவர்? "கொட்டைன்னா கொட்டைதான், நான் நம்பாமலா?" என்கிறார், பிறகு "ஆனா உன் மூஞ்சிய நீயே பாரேன் ஜெசி, அந்த வீடியோல" என்கிறார். என் மூஞ்சி. பிள்ளை சாகும்போது பெற்றவள் மூஞ்சி எப்படி இருக்க வேண்டுமாம்? மாதா சொரூபம் மாதிரி லேசாகக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு அடிக்க வேண்டுமா?

மூஞ்சி. நான் படித்த கான்வென்ட் ஹாஸ்டலில் கண்ணாடி கிடையாது, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருஷம், அறுபது பிள்ளைகளுக்கு வாஷ்பேசின் மேலே ரசம் போன ஒரு கண்ணாடித் துண்டு. என் மூஞ்சி எப்படி என்று மற்ற பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். பொட்டு கோணல் என்றால் கோணல். ஸ்டடி ஹாலில் சுவரில் ஒரு முக்கோணம், நடுவில் ஒரு கண், கீழே கடவுள் உன்னைக் காண்கிறார் என்று எழுதியிருக்கும். அந்தக் கண்ணுக்கு இமை கிடையாது. கணக்குப் போடும்போது நிமிர்ந்தால் அது இருக்கும், நான் அதைப் பார்த்து நாக்கைத் துருத்தியிருக்கிறேன், பிறகு பயந்துபோய் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்லியிருக்கிறேன். ஃபாதர் சிரித்துவிட்டார். கடவுள்கூட என்னைக் குரூப்பில் போடவில்லை. எங்கள் வார்டன் பெர்பெத்துவா சிஸ்டர்தான் ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட்டில் எழுதினார், நடத்தை நன்று, கோபத்தை அடக்கப் பழக வேண்டும் என்று. கோபத்தை அடக்கப் பழக வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பச்சை மையில் எழுதியது, நான்கு நாளாக அதுதான் கண்ணுக்குள் நிற்கிறது. சிஸ்டர் எதைப் பார்த்தார்? நான் என்னை அமைதியானவள் என்றுதான் நினைத்திருந்தேன். கல்யாணம் பேசும்போது அம்மாவும் அதைத்தான் சொன்னாள், எங்க ஜெசிந்தா வாயில்லாப் பூச்சி என்று. எது நான்? பூச்சியா, பச்சை மையா, ஊதா நைட்டியா?

நான்கு பக்கம் எழுதிவிட்டேன், எழுத வந்ததை இன்னும் எழுதவில்லை. சுற்றிச் சுற்றிப் போகிறேன். எழுது ஜெசிந்தா. இங்கே யாரும் பார்க்கவில்லை. ஐந்தாவதில் கொட்டை விழுந்தது. ஆறாவதாக ஒரு அடி அடித்தேன்.

எழுதிவிட்டேன். எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது. பன்னிரண்டு நொடியில் மூன்றுதான் தெரிகிறது, நான் குரூப்பில் எழுதியதும் நர்ஸ் சொன்ன ஐந்துதான், ஆறாவது ஒன்று இருக்கிறது என்று என்னையும் செலினையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவளால் சொல்ல முடியாது. என்னால் முடியும், அதுதான் தொந்தரவு. அது தெரியாமல் விழுந்த அடியா? கண் கொட்டையைப் பார்ப்பதற்குள் கை இறங்கிவிட்டதா? அல்லது பார்த்துவிட்டு, அவள் மூச்சு வாங்கி வீறிட்டதையும் கேட்டுவிட்டு, இப்படிப் பயமுறுத்திட்டியே சனியனே என்று அடித்தேனா? அழுகை முதலா அடி முதலா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். சில நேரம் அழுகை முதலில் வருகிறது, சில நேரம் அடி. ராத்திரி முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். இட்லித் தட்டு கழுவும்போது அடி முதலில் வந்தது, நிம்மதியாக இருந்தது, தட்டைக் கவிழ்த்து வைப்பதற்குள் மறுபடியும் அழுகை முன்னால் வந்துவிட்டது. கோபம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அவள் மேலா? அவளுக்கு என்ன தெரியும், பத்து மாதம். கொட்டையோடு புளி கொடுத்துவிட்ட மதினி மேல், ர்ர் என்று கழுத்தைத் திருப்பும் அந்தச் சனியன் மேல், லீவு முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் மேல், தரையில் பரப்பிய என் மேல். என் உள்ளங்கை அகலம்கூட இல்லாத முதுகு. அதில் எல்லோரையும் சேர்த்து அடித்தேனா? ஆத்திரம் என்னவென்றால், இவர்கள் பதினேழு பேரும் நான் செய்யாததற்கு என்னைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறார்கள், செய்தது ஒருவருக்கும் தெரியவில்லை. என்னைப் பற்றித் தப்பாகப் பேசக்கூட இவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை! நாற்பது தடவை உற்றுப் பார்த்த எனக்குத்தான் தெரியும் அந்த வீடியோவில் எங்கே தப்பு இருக்கிறதென்று. அது அந்த வீடியோவில் இல்லை.

தெக்லா பார்த்திருப்பாள். தெக்லா என்று ஒருத்தி, உவரிக்காரி, எனக்கு அவளைப் பிடிக்கவே பிடிக்காது, சாப்பிடும்போது சத்தம் வரும். டிசம்பர் முதல் தேதி ஹாஸ்டலில் சீட்டு எடுப்போம், கிறிஸ்மா கிறிஸ்சைல்டு. யார் பேர் வருகிறதோ அவள் உன் பிள்ளை, நீ அவளுக்கு ரகசியத் தாய், அவளுக்குத் தெரியாமல் இருபத்து நான்கு நாள் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவளுக்காக ஜெபிக்க வேண்டும், கடைசி நாள்தான் யாரென்று சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் என் கிறிஸ்மா யாரென்று தெரியவே இல்லை. தலையணைக்கு அடியில் தேன்மிட்டாய் இருக்கும், கிழிந்த நோட்டுக்கு அட்டை போட்டிருக்கும். கடைசி நாள் தெக்லா வந்து நின்றாள், ஒரு மடித்த தாளோடு. இருபத்து நான்கு நாளுக்கும் ஒவ்வொரு வரி எழுதியிருந்தாள், நான் என்ன செய்தேன் என்று. அஞ்சாம் தேதி, நீ யாரும் இல்லாத சேப்பல்ல ஆல்டர் படியில உக்காந்து கால ஆட்டிக்கிட்டு பாடின. ஒம்பதாம் தேதி, நீ லூர்து டிரங்குப் பெட்டியத் திறந்து பிஸ்கட் எடுத்த, நான் பாத்தேன், யார்ட்டயும் சொல்லல, அன்னைக்கு உனக்காக ரெண்டு ஜெபமாலை சொன்னேன். பத்தாம் தேதி, நீ உன் முட்டைய லூர்துக்குக் குடுத்த. தாளைப் படித்துவிட்டு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திருடியதையும் பார்த்தாள், முட்டை கொடுத்ததையும் பார்த்தாள், இரண்டில் ஒன்றையும் விடவில்லை. என் வாழ்க்கையில் என்னை முழுசாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான், நான் அவளுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை, போடி ஒளிஞ்சு பாக்கிறவளே என்றேன்.

முழுசும் இருக்கிறது. அதைத்தான் காலையிலிருந்து நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். கேமராவை செட் பண்ணிக் கொடுக்க வந்த கடை ஆள் அன்றைக்கே சொன்னார், ஃபோனுக்குத் துண்டுதான்மா போகும், மொத்தமும் உள்ள இந்தக் கார்டுல இருக்கும், சத்தத்தோட, அஞ்சு நாள் ஆனா அதுவே அழிச்சிட்டு மேல எழுதிக்கும் என்று. விரல் நகம் அளவு கார்டு. அத்தானுக்கு அது ஞாபகம் இல்லை, மதினிக்குத் தெரியாது. செவ்வாய் மத்தியானத்திலிருந்து எண்ணினால் ஞாயிறு மத்தியானம் அழிந்துவிடும். அதில் கொட்டை இருக்கிறது. வாயைத் திறந்து அழாத செலின் இருக்கிறாள். ஆறாவதும் இருக்கிறது, அழுகை முதலா அடி முதலா என்பதும் இருக்கிறது. நாளைக்கு மதினி முன்னால் போட்டால் என் பிள்ளை என்னோடு இருக்கும், அல்லது அந்த ஒரு அடிக்காகவே போய்விடும். போடாமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் ஐந்து அடித்தவள்தான், யாரும் நம்பாத ஐந்து. எழுந்து ஸ்டூலைப் போட்டு ஏறினால் ஐந்து நிமிஷ வேலை. முதலில் நான் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அழுகை முன்னால் இருந்தால் சாக்கடைக்குள், கொட்டை போன வழியே.

செலின் சிணுங்கினாள். பாதம் இரண்டும் சேர்ந்துகொண்டன. பால் நைட்டியை நனைத்துவிட்டது. நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டே ஹாலுக்குப் போனேன், அவளை மடியில் போட்டேன், நோட்டை வைக்க மறந்துவிட்டேன். ர்ர். கழுத்து திரும்பி நீலப் பொட்டு என் மேல் நின்றது. அங்கே டியூட்டி முடிந்திருக்கும்.

"ஜெசி, இவ்ளோ நேரம் எங்க இருந்த? பாப்பா தனியாக் கெடந்தா. கையில என்ன?"

"நோட்டு."

"என்ன எழுதுத? எனக்கு எதிராவா?"

சிரிக்கப் பார்த்தார். நான் இந்தத் தடவை சிரிக்கவில்லை. வாசிக்கிறேன் அத்தான், கேளுங்கள் என்றேன். செலின் ஒரு பக்கம் குடிக்க, இன்னொரு கையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை மட்டும் வாசித்தேன், ஐந்தாவதில் கொட்டை விழுந்தது என்பதிலிருந்து. கார்டைப் பற்றியும் சொன்னேன்.

"ஜெசி." குரல் இறங்கியிருந்தது. "நான் நம்புதேன். சத்தியமா. கொட்டைதான். நீதான் பிள்ளையக் காப்பாத்துன. இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். ஆறாவது கீறாவதுன்னு அக்காகிட்ட வாயத் தொறக்காத. கார்டைக் கழட்டித் தூரப் போட்டுரு. நான் பேசிக்கிடுதேன்."

இரண்டு நாளாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன், நம்புதேன் என்ற வார்த்தைக்கு. அது வந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, நெஞ்சு எரிந்தது. அக்கா வெட்டிய துண்டைக் காட்டினார், கெட்டவள் ஆனேன். தம்பியும் வெட்டச் சொல்கிறார், நல்லவள் ஆவதற்கு. வெட்டாமல் என்னைப் பார்க்க இந்த வீட்டில் யாருக்குமே தைரியம் கிடையாதா? எனக்கே இல்லையே, ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நானும் ஸ்டூலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கழட்ட மாட்டேன்" என்றேன். "நாளைக்கு மதினி வரட்டும். அவங்க முன்னாலயே கழட்டி முழுசும் போடுதேன். கொட்டைய நான் பரப்புனதுலேர்ந்து. அதுக்கப்புறம் சாயந்தரம் வரைக்கும் நான் அவளத் தரையில விடாமத் தூக்கிட்டே நடந்தேன், அதையும் அவங்க உக்காந்து பாக்கணும், நாலு மணி நேரம், எந்திரிக்காம. நானும் அப்பதான் பாப்பேன். பாத்துட்டு என்ன வேணாலும் சொல்லட்டும். பிள்ளையக் குடுக்க மாட்டேன்."

"கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு? அக்கா பத்தித் தெரியாதா?"

"தெரியாது. அவங்களையும் நான் துண்டு துண்டாத்தானே பாத்திருக்கேன்."

அவர் ஏதோ சொன்னார், பிறகும் சொன்னார். செலின் குடித்து முடித்துத் தோளில் சாய்ந்துவிட்டாள். முகம் கேமராவுக்குத் தெரியும், எனக்கு அவள் முதுகு. நோட்டைத் தொடையில் வைத்து, அந்த நீலப் பொட்டுக்கு நேராக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அடுக்களைக்கு இனிமேல் போகப் போவதில்லை. இடது கையை அவள் முதுகில் வைத்திருக்கிறேன், அதே இடத்தில், அடித்த கைதான். பயம் போகவில்லை. நாளைக்குப் பதினோரு மணிக்கு அழுகை முதலில் வந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. கைக்கு அடியில் முதுகு எழும்பி இறங்குகிறது. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது மூச்சில் லேசாகப் பால் மணம். நான்கு. ஐந்து.

"ஜெசி, கேக்குதா? என்ன பண்ணுத?"

ஆறு. ஏழு.

"எண்ணிட்டிருக்கேன். பேசாதீங்க."